கடலில் இறங்காத சரம்

சிசிலியின் காப்போ முரேனா துறைமுகத்தில் வெனேரா ஸ்பம்பினாத்தோவிடம் முதலில் வம்பு வளர்த்தவர் இறால் படகுக்காரர் கொர்ராதோதான். அலைத்தடுப்புச் சுவரை ஒட்டியிருந்த பழைய ஒயின் கிடங்கை ஆய்வுக்கூடமாக மாற்ற அவள் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. படகுக்காரர்கள் காலையில் கூடும் காப்பிக் கடைக்குள் அவளும் போய் நின்றாள். பேச்சு நின்றுவிட்டது. கொர்ராதோ மட்டும் ஸ்டூலைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"புரொபசரம்மா, நீங்க பிடிக்க வந்திருக்கிற சாமானுக்கு எடை இருக்குமா?"

"கிட்டத்தட்ட இல்ல."

"வாசனை?"

"கிடையாது."

"வலையில மாட்டுமா?"

"பூமியையே துளைச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போயிரும். வலையெல்லாம் எம்மாத்திரம்?"

கொர்ராதோ கடைக்காரனைப் பார்த்தார். "கேட்டியா? நானும் பாதி நாள் ஒண்ணும் மாட்டாமத்தான் திரும்பி வர்றேன். எனக்கு ஒருத்தனும் புரொபசர் பட்டம் குடுக்கல."

கடை முழுக்கச் சிரித்தது. வெனேராவும் சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து அந்தத் துறைமுகத்தில் அவளுக்கு ஒரு இடம் கிடைத்தது. மரியாதையான இடம் என்று சொல்ல முடியாது. கேலி செய்யத் தகுந்த மனுஷி என்ற இடம். அந்த ஊரில் அது சின்ன விஷயமில்லை.

அவளும் சிசிலிக்காரிதான், அச்சிரெயாலே ஊர். அப்பா எலுமிச்சை லாரி ஓட்டியவர். கத்தானியாவில் படித்து, பிறகு வெளிநாட்டில் ஒரு சுரங்கத்துக்கடியிலும் ஒரு மலைக்கடியிலுமாக இருபது வருஷம் நியூட்ரினோ தேடினாள். ஒவ்வொரு நொடியும் நம் கட்டைவிரல் நகத்தின் வழியாகக் கோடிக்கணக்கில் அவை போய்க்கொண்டிருக்கின்றன; நமக்கும் தெரியாது, நகத்துக்கும் தெரியாது. சூரியனிலிருந்து வருபவை, வெடித்த நட்சத்திரங்களிலிருந்து வருபவை, எங்கிருந்து என்றே தெரியாதவை. எப்போதோ ஒன்று தண்ணீரில் இருக்கும் ஒரு அணுவில் மோதித் தொலைக்கும். அப்போது நீல நிறத்தில் ஒரு மினுக்கு. அந்த மினுக்கைப் பார்ப்பதுதான் அவள் தொழில்.

மலை போதவில்லை, கடலே வேண்டும் என்று நாற்பத்தைந்து வயதில் சிசிலிக்குத் திரும்பினாள். கரையிலிருந்து வெகுதூரத்தில், வெளிச்சமே எட்டாத ஆழத்தில், எழுநூறு மீட்டர் உயரச் சரங்களாக மின்கண் பொருத்திய கண்ணாடி உருண்டைகளை நிறுத்துவதுதான் திட்டம். தரையில் நங்கூரம், உச்சியில் மிதவை, நடுவில் விரிந்த கண்கள். சரங்கள் நீரோட்டத்தில் ஆடும். எந்தக் கண் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமே, அதற்காகச் சரத்துக்குச் சரம் தண்ணீருக்கடியில் கேட்கும் மைக்குகள். ஒரு கேபிள் எல்லாவற்றையும் கரைக்குக் கொண்டுவந்தது.

அந்தக் கேபிளால்தான் சண்டையும் வந்தது. அதன் மேல் இழுவலை போடக்கூடாது என்று வரைபடத்தில் கோடு கிழித்தார்கள். கொர்ராதோவின் நல்ல சிவப்பு இறால் இடம் ஒன்று அந்தக் கோட்டுக்குள் போய்விட்டது. எல்லாப் படகுகளையும் சேர்த்துத் துறைமுக வாயை அடைத்தார் மனிதர். வெனேரா தனியாகப் படகு படகாக ஏறிப் பேசி, கோட்டை ஒரு பக்கம் வளைக்க வைத்தாள். மொத்த இடமும் திரும்பக் கிடைக்கவில்லை, பாதி கிடைத்தது. "பாதி இறாலுக்கு முழுச் சண்டை போட வேண்டியிருக்கு" என்றார் கொர்ராதோ. ஆனால் மறுவருஷம் ஒரு கண்ணாடி உருண்டை அறுந்து மேலே மிதந்து வந்தபோது, அதைத் தன் மழைக்கோட்டில் சுற்றி ஆய்வுக்கூட வாசலில் கொண்டுவந்து இறக்கியவரும் அவர்தான். "உங்க பிள்ளை வழி தவறி வந்துருச்சு. ஒரு கீறல் இல்ல, பார்த்துக்குங்க."

அப்படியே பன்னிரண்டு வருஷம் போனது.

அந்த அக்டோபர் கடைசியில் கொர்ராதோவின் 'சாந்தா ரீத்தா' போனது போனதுதான். படகில் மூன்று பேர்: அவர், அவர் மனைவி நுன்ஸியாவின் தம்பி யானோ, துனீசியாவின் மாதியா ஊரைச் சேர்ந்த மொன்செஃப். மொன்செஃப் அந்தப் படகிலேயே பத்து வருஷத்துக்கு மேலாக வேலை பார்த்தவன். விடியலுக்கு முன் புறப்பட்டார்கள். கடல் தேங்காய் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. மறுநாள் மாலை திரும்ப வேண்டும். திரும்பவில்லை.

காவல்படைக் கப்பல்களும் ஹெலிகாப்டரும் தேடின. ஒரு பலகை, ஒரு மிதவை, ஒரு எண்ணெய்த் திட்டுகூடக் கிடைக்கவில்லை. எங்கே தேடுவது என்பதே பிரச்சினை. இறால் இடம் மற்றவனுக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று, படகின் இருப்பிடம் காட்டும் கருவியை அணைத்துவைப்பது கொர்ராதோவின் வழக்கம். ஊரில் பாதிப் பேர் செய்வதுதான். ஆனால் காணாமல் போனவன் செய்தால் அது குற்றமாகிவிடுகிறது.

பத்து நாளில் பேச்சு கிளம்பியது. கொர்ராதோ சிகரெட் கடத்தினான், மாட்டிக்கொள்ளப் போகிறோம் என்று தெரிந்து மொன்செஃபோடு துனீசியாவுக்கு ஓடிவிட்டான், படகை அங்கே விற்றுத் தின்றுகொண்டிருக்கிறான். நுன்ஸியா கறுப்புடை உடுத்தவில்லை என்பதை இதற்கு ஆதாரமாக்கினார்கள். "புருஷன் செத்துட்டான்னா கறுப்பு கட்ட மாட்டாளா? அவளுக்குத் தெரியும்டா."

நுன்ஸியா பச்சைக் கம்பளிச் சட்டையோடுதான் ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"புரொபசரம்மா, கடலுக்கடியில உங்களுக்கு ஆயிரக்கணக்குல கண்ணு இருக்குன்னு அவரு சொல்வாரு. ஆகாசத்துல எங்கியோ கிடக்கிறதெல்லாம் தெரியுமாமே. என் வீட்டு ஆளு தெரிய மாட்டாரா?"

"அந்தக் கண்ணு வேற மாதிரி, நுன்ஸியா. மினுக்குனா மட்டும்தான் தெரியும். படகு, ஆளு, மீனு எதுவும் தெரியாது."

"அப்ப எதுக்கு அத்தனை கண்ணு?"

நுன்ஸியா கதவு வரை போய்த் திரும்பினாள். "ஓடிட்டாருங்கிறாங்க. அந்த மனுஷன் ரோம் போனா ரெண்டாம் நாளே தூக்கம் வரலன்னு திரும்பி வர்ற ஆளு. ஓடுறதாம்!"

அவள் போன பிறகு வெனேரா வெகுநேரம் அதே நாற்காலியில் இருந்தாள். கண்ணுக்குத் தெரியாது. சரி. காது?

ஆய்வுக்கூடத்தின் மாடியறையில் கிளெலியா என்று ஒரு பெண் இருந்தாள். இயற்பியலுக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. சரங்களின் மைக்குகளில் விழும் திமிங்கிலச் சத்தத்தை ஆராய்கிறவள். அவளுக்காகவே அந்தச் சத்தங்களை அழிக்காமல் வைத்திருந்தார்கள். வெனேரா மேலே ஏறிப் போய், "அந்த நாள் சத்தம் இருக்கா?" என்று கேட்டாள். எந்த நாள் என்று கிளெலியா கேட்கவில்லை.

இரண்டு பேரும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். காலையில் ஆரம்பித்து, ரொட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதைத் தொடாமல். திமிங்கிலங்களின் டக் டக். தொலைவில் போகும் எண்ணெய்க் கப்பல்கள். பிறகு சின்ன எஞ்சின் ஒன்று, ஒரு சிலிண்டர் லேசாக இருமிக்கொண்டு வந்தது. அந்த இருமலை வெனேராவுக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷம் அவள் ஜன்னலுக்குக் கீழேதான் அது கிளம்பிப் போனது.

அதன் மேல் இன்னொரு சத்தம் ஏறி வந்தது. பெரிய புரொப்பல்லர், கனமானது, அவசரமில்லாதது. நெருங்கி நெருங்கி, பிறகு ஒரு இடி. எஞ்சின் நின்றது. பெரிய புரொப்பல்லர் நிற்கவில்லை. வேகம்கூடக் குறையவில்லை. வந்த மாதிரியே போய்த் தேய்ந்தது.

"நின்னிருக்கணுமே" என்றாள் கிளெலியா. "ஏன் நிக்கல?"

வெனேரா கையைக் காட்டி அவளை அடக்கினாள். இன்னும் ஏதோ கேட்டது. இரும்பில் இரும்பு. மூன்று தட்டு, ஒரு இடைவெளி. மூன்று தட்டு, ஒரு இடைவெளி. கவிழ்ந்த படகுக்குள் காற்று மிஞ்சிய இடத்தில் யாரோ உயிரோடு இருந்திருக்கிறார்கள். கால் மணி நேரத்துக்கு மேல் தட்டியிருக்கிறார்கள். பிறகு ஒரு நீண்ட முனகல், அது படகு. தட்டும் சத்தம் கீழே கீழே போனது, நின்றது. வெகுநேரம் கழித்து, கடல் தரையில் ஏதோ மெத்தென்று உட்கார்ந்த ஓசை.

கிளெலியா கருவியைக் கழற்றிவிட்டு வெளியே ஓடினாள். வெனேரா முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டு காகிதத்தை இழுத்தாள். ஒரே சத்தம் ஒவ்வொரு சரத்தையும் வேறு வேறு நேரத்தில் எட்டியிருந்தது. அந்த வித்தியாசத்தை வைத்து இடத்தைக் கணக்கிடுவது அவளுக்குப் பழகிய வேலை. ஆகாசத்திலிருந்து வருவதற்குப் போடும் அதே கணக்கை அன்று ஒரு படகுக்குப் போட்டாள். கிழக்கு விளிம்பில் இனிமேல் இறக்கவிருந்த சரத்தின் இடத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் கிடந்தது 'சாந்தா ரீத்தா'.

நுன்ஸியாவிடம் எவ்வளவு சொல்வது என்று அவள் தவித்தாள். இடித்ததைச் சொல்லலாம், மூழ்கியதைச் சொல்லலாம். தட்டியதை? அதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று கிளெலியா கெஞ்சினாள். தன் தொழிலில் கேட்டதில் ஒரு பகுதியை மறைத்து வைக்க வெனேரா ஒருபோதும் கற்றுக்கொண்டதில்லை. மறுநாள் நுன்ஸியாவின் சமையலறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

நுன்ஸியா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "நான் கேக்கணும்."

"வேண்டாம் நுன்ஸியா. அது..."

"என் வீட்டு ஆளுங்க. நான் கேக்கணும்."

கேட்டாள். கண்ணை மூடாமல், சுவரில் ஒரு இடத்தைப் பார்த்தபடி முழுவதையும் கேட்டாள். முடிந்ததும் இன்னொரு முறை போடச் சொன்னாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"இது கொர்ராதோ இல்ல."

"அதெப்படி..."

"அவருக்கு ஏது பொறுமை? ரெண்டு தட்டு தட்டிட்டு மூணாவதுக்குக் கெட்ட வார்த்தையில திட்ட ஆரம்பிச்சிருப்பாரு. யானோவும் இல்ல, அவன் பயந்தாங்கொள்ளி, தாறுமாறா அடிச்சிருப்பான். இது மொன்செஃப். எஞ்சின் ரூம்ல இருந்திருப்பான். எதையும் நிதானமாத்தான் செய்வான்." காதிலிருந்த கருவியைக் கழற்றி வைத்தாள். "அவங்க ரெண்டு பேரும் சட்டுன்னு போயிட்டாங்க. இந்தப் பிள்ளதான் தனியாக் கிடந்து போயிருக்கான்."

அழுதது அப்போதுதான். தன் புருஷனுக்காகவும் தம்பிக்காகவும் அவள் தேக்கி வைத்திருந்த அழுகை மொன்செஃபின் பேரில் உடைத்துக்கொண்டு வந்தது. பிறகு முகத்தைக் கழுவினாள். மாதியாவில் இருந்த அவன் தாய்க்குத் தொலைபேசி போட்டாள். மொன்செஃபிடம் கற்றிருந்த அரைகுறை அரபியில் பேசினாள். அந்தப் பக்கம் எழுந்த ஓலம் வெனேராவின் நாற்காலி வரை கேட்டது. "அவன் ஓடிப்போகல, அம்மா. கடைசி வரைக்கும் முயற்சி பண்ணினான்" என்று நுன்ஸியா திரும்பத் திரும்பச் சொன்னாள். அன்று மாலை கறுப்புடை உடுத்தினாள்.

விசாரணை நீதிபதி வெனேராவை மதிப்போடுதான் உட்காரவைத்துப் பேசினார். அந்த நேரத்தில் அந்த வழியாகப் போன கப்பல்கள் எவை என்று விசாரித்திருந்தார். ஒரு சரக்குக் கப்பல் மூக்கில் அடிபட்டு மால்ட்டாவில் பழுதுபார்க்க நின்றுகொண்டிருந்தது. துறைச் சுவரில் உரசிவிட்டதாகச் சொல்லிக்கொண்டார்கள்.

"ஒரு வாரத்துல தகடு மாத்தி பெயின்ட் அடிச்சுக் கிளம்பிருவாங்க, புரொபசர். வெறும் சத்தத்தை வச்சு வேற நாட்டுத் துறைமுகத்துல கப்பலை நிறுத்த என்னால முடியாது. படகு வேணும். படகுல அந்தக் கப்பலோட பெயின்ட் வேணும். அவ்வளவு ஆழத்துக்கு இறங்கறதுக்கு என்கிட்ட ஒண்ணும் கிடையாது."

அவளிடம் இருந்தது. அதுதான் வினை.

வாடகைக் கப்பல் இரண்டு நாளில் வரவிருந்தது. அதில் ஆழ்கடலுக்கு இறங்கும் ரோபோ உண்டு. வருவது கடைசிச் சரத்தை, கிழக்கு விளிம்புச் சரத்தை இறக்க. ஒத்தாவியோ என்ற நேப்பிள்ஸ்காரர் நான்கு வருஷம் தன் கையாலேயே கோத்த சரம் அது. உருண்டை உருண்டையாகச் சோதித்து, கிடங்கில் போர்வை போர்த்தி வைத்திருந்தார். ஒத்தாவியோவும் வெனேராவும் மலைக்கடியில் வேலை பார்த்த காலத்திலிருந்து கூட்டாளிகள். வானிலைக்காரர்கள் நான்கு நாள்தான் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஷிரோக்கோ காற்று கிளம்பிவிடும், மே மாதம் வரை கடல் திறக்காது. சரம் இறக்க மூன்று நாள். படகைத் தேடிப் பெயின்ட் சுரண்டி எடுக்க இரண்டு நாளாவது. கூட்டிப் பார்த்தால் ஒத்துவரவில்லை.

"மே மாசம் போய்ப் பார்ப்போம்" என்றார் ஒத்தாவியோ. "செத்தவங்களுக்கு அவசரம் கிடையாது, வெனேரா."

"கப்பலுக்கு இருக்கே. பெயின்ட் அடிச்சுட்டுப் போயிருவான்."

"அது போலீஸ் வேலை."

"நம்ம மைக்குலதானே விழுந்துச்சு? கேட்டவ நான். வேற யாருகிட்ட போய்ச் சொல்லச் சொல்ற?"

"நான் கல்நெஞ்சுக்காரன் இல்ல. கொர்ராதோ எனக்கும் காப்பி வாங்கிக் குடுத்திருக்காரு. ஆனா குளிர்காலம் பூராவும் ஒரு பக்கம் கண்ணில்லாம நிப்போம். அந்த நேரத்துல நாம காத்திருக்கிற பெரிய நியூட்ரினோ வந்துச்சுன்னா? இருபத்தஞ்சு வருஷமா அதுக்காகத்தானே உக்காந்திருக்கோம்!"

"வராமலும் போகலாம்."

"வந்துச்சுன்னா?"

ஆய்வை நடத்தும் ஏழு நாடுகளின் பிரதிநிதிகள் அடங்கிய குழு தொலைபேசியில் கூடி, முதலில் சரம், நேரம் மிஞ்சினால் படகு என்று முடிவு சொன்னது. நியாயமான முடிவுதான், யாரும் அதைக் குறை சொல்ல முடியாது. கடல் வேலைக்குப் பொறுப்பாளி வெனேரா. கப்பல் துறைமுகத்தை விட்டு வெளியேறியதும் கேப்டனிடம் சரத்தின் இடத்துக்குப் பதிலாகப் படகு கிடக்கும் இடத்தின் எண்களைக் கொடுத்தாள். "பொறுப்பு என்னுது" என்று கையெழுத்துப் போட்டாள். சரம் பின்தளத்தில் போர்வையோடு படுத்திருந்தது. ஒத்தாவியோ அதன் பக்கத்திலேயே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார். திரையருகே வரவே இல்லை.

ரோபோ இறங்க மூன்று மணி நேரம் பிடித்தது. முதல் நாள் சேறும் இருட்டும்தான் தெரிந்தது. இரண்டாம் நாள் முற்பகல், விளக்கொளியில் ஒரு வெள்ளைச் சுவர் எழும்பி வந்தது. அதில் நீல எழுத்தில் பெயர். படகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது, துறையில் கட்டிவைத்த மாதிரி. வலை மடித்தபடியே இருந்தது. ஆக, கோட்டுக்குள் திருட்டுத்தனமாக வலை விடவும் இல்லை. இடது விலாவில் ஆள் நுழையுமளவு கிழிசல். கிழிந்த உதடுகளில் செங்காவிப் பெயின்ட்.

"எடு" என்றாள் வெனேரா. ரோபோவின் கை சுரண்டி எடுத்தது.

ரோபோவை இயக்கியவர் மெதுவாக அதைப் பின்பக்கம் நகர்த்தினார். எஞ்சின் அறையின் மூடி தெரிந்தது. சாத்தியிருந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். "திறந்து பார்க்கவா?"

"வேண்டாம். வெளிய வா."

கப்பலில் இருந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். அப்போதுதான் ஒத்தாவியோ எழுந்து வந்து, கதவருகே நின்று ஒரு நிமிஷம் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

காற்று சொன்ன நாளுக்கு அரை நாள் முன்னாலேயே வந்துவிட்டது. சரம் இறங்காமலே கரைக்குத் திரும்பியது.

பெயின்ட் பொருந்தியது. கப்பல் மால்ட்டாவில் நிறுத்தப்பட்டது. அன்று கப்பலைச் செலுத்தும் பொறுப்பில் விழித்திருக்க வேண்டிய அதிகாரி தூங்கிப்போனார் என்பதும், இடித்த அதிர்ச்சியில் விழித்தவர் பயந்து யாருக்கும் சொல்லவில்லை என்பதும் வழக்கில் வெளிவந்தன. அவருக்குச் சிறை கிடைத்தது. காப்போ முரேனாவில் துனீசியாக் கதை பேசியவர்கள் அதைத் தாங்கள் பேசவே இல்லை என்று சாதித்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்துத் தேவாலயத்தில் பூசை நடந்தது. மொன்செஃபின் தாய் வந்திருந்தாள், பூசை முடியும் வரை நுன்ஸியாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள்.

கடல் வேலைப் பொறுப்பிலிருந்து வெனேராவை நீக்கினார்கள். அவள் எதிர்த்துப் பேசவில்லை. ஒத்தாவியோ கிறிஸ்துமஸுக்கு முன்பே வேறொரு ஆய்வுக்கு மாறி வடக்கே போய்விட்டார். போகும்போது, "உன் மேல கோபமில்லன்னு சொன்னா அது பொய்" என்று மட்டும் சொன்னார்.

பிப்ரவரியில் அது வந்தது.

காலையில் வழக்கம்போல் முந்தின நாள் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்த வெனேரா, கருவி கெட்டுவிட்டதென்றுதான் முதலில் நினைத்தாள். கிழக்கிலிருந்து மேற்காக, கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில், சரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தீப்பிடித்த மாதிரி மினுக்கியிருந்தன. மனிதர்கள் கட்டிய எந்த இயந்திரத்தாலும் ஒரு துகளுக்கு அவ்வளவு சக்தி கொடுக்க முடியாது. அப்படியொன்றை எந்தக் கருவியும் அதுவரை கண்டதில்லை. கருவியை இன்னொரு முறை சரிபார்த்தாள். பிறகு, எங்கிருந்து வந்தது என்று பார்க்கக் கோட்டை இழுத்தாள். கோடு கிழக்கு விளிம்பு வரை தெளிவாக ஓடி, சரம் இருந்திருக்க வேண்டிய வெற்றிடத்துக்குள் போய் மறைந்தது.

ஒரு வருஷம் இருபது பேர் அந்தக் கோட்டைக் கூர்மையாக்கப் பாடுபட்டார்கள். வானத்தில் ஒரு திட்டு வரைதான் சுருக்க முடிந்தது. அந்தத் திட்டுக்குள் மூன்று விண்மீன் மண்டலங்கள் இருந்தன. மூன்றில் ஏதோ ஒன்று கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அதை எறிந்திருக்கிறது. கடைசிச் சரம் இருந்திருந்தால் எது என்று சொல்லியிருக்கலாம். கட்டுரையில், 'அந்தக் காலத்தில் ஒரு சரம் நிறுவப்பட்டிருக்கவில்லை' என்று ஒரு வரி எழுதினார்கள். அந்த வரியை எழுதியவள் வெனேராதான். அந்த மே மாதமே சரம் இறங்கியிருந்தது. அதுபோல இன்னொன்று வரவில்லை.

பரிசு ஐந்து வருஷம் கழித்து வந்தது, அவளுக்கு அறுபத்து மூன்று வயதில். அந்தத் துறையில் அதைவிடப் பெரியது ஒன்றிரண்டுதான். மேடையில் அவள் அந்த வானத் திட்டைக் காட்டினாள். இளைஞன் ஒருவன் எழுந்து, மூன்றில் எது என்று உங்கள் மனதில் தோன்றுகிறது என்று கேட்டான்.

"தெரியாது" என்றாள். "தோணுறதைச் சொல்றதுக்குப் பேரு இயற்பியல் இல்ல."

கைதட்டினார்கள். பரிசு வாங்கியவரின் நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆகஸ்டில் காப்போ முரேனாவில் அந்தப் பரிசுக்காக விருந்து வைத்தார்கள். துறைமுகத்திலேயே மேசை போட்டு, நண்பகலில், பாய்மரத்துணிப் பந்தலுக்குக் கீழே. இறாலும் பக்கீனோ ஊர்த் தக்காளியும் கத்தரிக்காய்க் குழம்புமாக மேசை நிறைந்திருந்தது. நுன்ஸியாதான் பரிமாறலுக்குத் தலைமை. ஒத்தாவியோ வந்திருந்தார். அழைத்தது கிளெலியா. தலை முழுக்க நரைத்திருந்தது. வெனேராவும் அவரும் கைகொடுத்துக்கொண்டார்கள்.

நுன்ஸியா அவர் தட்டில் இறாலை அள்ளி வைத்தாள். "நீங்களும் நியூட்ரினோதானா, ஐயா? ஒரு சந்தேகம். பேப்பர்ல போட்டிருந்தான், அது எந்த நட்சத்திரக் கூட்டத்துலேர்ந்து வந்துச்சுன்னு தெரியலையாமே. அத்தனை கண்ணு வச்சும் தெரியலையா?"

"ஒரு சரம் குறைஞ்சுபோச்சு" என்றார் ஒத்தாவியோ.

"ஏன் குறைஞ்சுது?"

"ஒத்தாவியோ" என்றாள் வெனேரா.

அவர் அவளைப் பார்த்தார். "அவங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். உண்மையாகவே திகைத்துப் போயிருந்தார். "இத்தனை வருஷமா நீ சொல்லவே இல்லையா?"

நுன்ஸியா கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். ஒருவர் முகத்திலிருந்து மற்றவர் முகத்துக்குப் பார்த்தாள். அவள் முட்டாள் இல்லை. கப்பல் வந்த மாதம், திரும்பிப் போன மாதம், போர்வை போர்த்திய ஏதோ ஒன்று மறுபடி கிடங்குக்குள் போனது, வெனேரா பதவி இழந்தது, எல்லாம் அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தவைதான். இதுவரை அவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை.

"எங்க ஆளுங்களைத் தேடுனதாலயா?"

வெனேரா தலையசைத்தாள்.

"இனி எப்பவுமே தெரியாதா அது?"

"தெரியாது" என்றாள் வெனேரா. "அந்த ஒண்ணு போனது போனதுதான்."

நுன்ஸியா ஒரு நாற்காலியை இழுத்து அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். கரண்டியை மேசைமேல் வைத்தாள். "எனக்குச் சொல்லியிருக்கணும் நீங்க."

"சொல்லி என்ன பண்ண?"

"வேண்டாம்னு சொல்லியிருப்பேன்னு நினைக்காதீங்க. மாட்டேன். ஆகாசமே இடிஞ்சு விழுந்தாலும் போய்த் தேடுங்கன்னுதான் சொல்லியிருப்பேன். இப்பக் கேட்டாலும் அதேதான். எனக்குப் பெரிய மனசெல்லாம் கிடையாது." கரண்டியை ஓரமாக நகர்த்தினாள். "ஆனா இத்தனை வருஷமா மனசுக்குள்ள ஒரு நன்றி வச்சிருந்தேன் பாருங்க, அது சின்னதா இருந்திருக்கு. அதான் வெக்கமா இருக்கு."

வெனேராவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சில இரவுகளில் அந்த மூன்று மண்டலங்களும் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதும், நுன்ஸியாவைத் தெருவில் கண்டால் சில நாள் மனம் ஓரமாக ஒதுங்கியிருக்கிறது என்பதும் அவளுக்குத்தான் தெரியும். நுன்ஸியாவின் கை அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டது. அவள் அதை விலக்கவில்லை.

ஒத்தாவியோ இறாலின் தோட்டை உரித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "நான் பொறுப்புல இருந்திருந்தா போயிருக்க மாட்டேன். சரத்தைத்தான் இறக்கியிருப்பேன். இந்தம்மா பக்கத்துல உக்காந்திருக்கிறப்பவும் பொய் சொல்ல வரல."

"தெரியும்" என்றாள் வெனேரா.

"ஆனா அன்னைக்குக் கதவுகிட்ட வந்து பார்த்தேன். பார்க்காமயே இருந்திருக்கலாம்."

"சாப்பிடுங்க ஐயா, ஆறுது" என்றாள் நுன்ஸியா. அவர் சாப்பிட்டார்.

மறுநாள் காலை புதிய சரங்கள் மூன்றை ஏற்றிக்கொண்டு கப்பல் புறப்பட்டது. வெனேராவுக்கு அதில் எந்தப் பொறுப்பும் இல்லை, விருந்தாளியாகத்தான் ஏறினாள். ஏணியின் மேற்படியில் ஒத்தாவியோ கைநீட்டி அவளைத் தூக்கிவிட்டார். பின்தளத்தில் சரங்களுக்குப் பக்கத்தில் கிடந்த பெட்டியின் மேல் இருவரும் உட்கார்ந்தார்கள். கரை மறைகிற வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் முதல் சரத்தின் ஒரு இணைப்பைக் காட்டி, அதை இப்படியா பூட்டுவார்கள் என்று குறைசொல்லத் தொடங்கினார்.